சாலினாஸில் எண்பதாயிரம் பேர்

(வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சினிமாப் படப்பிடிப்புதான். தெருமுனையில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட நீளமான வண்டி நிற்கும். உள்ளே கதாநாயகன் இருக்கிறாரா, இல்லை போய்விட்டாரா என்று வெளியே ஒரு கூட்டம் விவாதம் செய்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் இதே வண்டிக்கு அர்த்தம் வேறு. அங்கே அதை ஆர்.வி. என்பார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற புருஷனும் பெண்டாட்டியுமாக ஓட்டிக்கொண்டு போவார்கள். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் சிலர் இருப்பீர்கள், நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள்.

அப்படி ஒரு வண்டியில் தன் சொந்த ஊருக்குப் போன எழுத்தாளர் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் ஜான் ஸ்டைன்பெக். போனது 1960இல். அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய ‘டிராவல்ஸ் வித் சார்லி’ 1962 ஜூலையில் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நோபல் பரிசு அறிவிப்பு. ‘கோபத்தின் கனிகள்’ என்று நம்மில் பலர் சொல்லும் ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலைப் படிக்காதவர்கள்கூட இந்த சார்லிப் புத்தகத்தைப் படித்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். காரணம், சார்லி ஒரு நாய். நாய் வருகிற புத்தகத்தை யாரும் பாதியில் மூடுவதில்லை.

புறப்படும்போது ஸ்டைன்பெக்குக்கு வயது 58. முந்தைய வருடக் கடைசியில் உடம்பு ஒரு அடி வாங்கியிருந்தது, லேசான பக்கவாதம். வீட்டில் எல்லோரும் ‘பார்த்து, பார்த்து’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்பிள்ளைகளுக்கு அந்த வயதில் இதைவிட எரிச்சலூட்டும் சொல் கிடையாது. அவர் அப்போது இருந்தது நாட்டின் கிழக்குக் கரையில், நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் சாக் ஹார்பர் என்ற ஊர். பிறந்தது மேற்குக் கரையில், கலிஃபோர்னியாவில். நடுவே ஒரு கண்டம் கிடக்கிறது. நாட்டைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டார். உண்மையில் நாட்டிடம் விடைபெறப் போனார் என்று அவருடைய மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜி.எம்.சி. கம்பெனியின் பிக்கப் டிரக், அதாவது பின்பக்கம் திறந்த சரக்கு வண்டி. அதன் முதுகில் ஒரு சின்ன வீட்டைத் தூக்கி வைத்தாற்போல ஒரு கூடு. கூட்டுக்குள்ளே இரட்டைக் கட்டில், நான்கு பர்னர் அடுப்பு, கணப்பு, பியூட்டேன் வாயுவில் ஓடுகிற குளிர்பெட்டி, கொசுவலை போட்ட ஜன்னல்கள். நம் ஊர்க் கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள், மாடுகளுக்குப் பதிலாக என்ஜின். இதற்கு அவர் வைத்த பெயர் ரோசினாண்டே. டான் குயிக்ஸாட்டின் எலும்பும் தோலுமான குதிரையின் பெயர். அதைப் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய எழுத்தில் வண்டியின் பக்கவாட்டில் எழுதியும் வைத்தார். போகிற இடத்தில் யாராவது அதற்கு அர்த்தம் கேட்டுத் தொல்லை செய்வார்கள் என்று ஒரு பயம் இருந்தது. யாரும் கேட்கவில்லையாம்.

அந்த வண்டியில் துணி துவைக்க அவர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி. அதை இழுபடும் ரப்பர் கயிற்றில் கட்டி உள்ளே தொங்கவிட்டார். அழுக்குத் துணி, தண்ணீர், சோப்புத்தூள் மூன்றையும் போட்டு மூடிவிட்டு வண்டியை ஓட்ட வேண்டியது. சாலை எவ்வளவு மோசமோ அவ்வளவு வெளுப்பு. நாவலாசிரியர் என்றில்லை, கையால் எதையாவது செய்து பார்க்கிற ஆள் என்பது இங்கே தெரிகிறது. அப்பா மாவு ஆலையில் மேலாளராக இருந்து பிறகு மாண்டெரே கவுன்ட்டியின் பொருளாளராக ஆனவர். மகன் இளமையில் சாலினாஸ் பக்கத்தில் ஸ்ப்ரெக்கல்ஸ் சர்க்கரை ஆலையில் கூலிக்கு நின்றிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன். வண்டியையே வீடாக்கிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. 1936இல் கலிஃபோர்னியா வயல்களில் வேலை தேடி வந்த அகதி விவசாயிகளைப் பற்றி ஒரு நாளிதழுக்குத் தொடர் எழுத, பழைய ரொட்டிக்கடை வண்டி ஒன்றை வாங்கி அதில் போர்வையும் சமையல் சாமானும் போட்டுக்கொண்டு முகாம் முகாமாகச் சுற்றினார். அந்தச் சுற்றலில் கண்டதுதான் 1939இல் ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலாயிற்று. நாவலில் ஜோட் குடும்பம் ஒரு பழைய ஹட்சன் காரை வெட்டி லாரியாக்கி, பாட்டன் பாட்டி பிள்ளைகுட்டி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மேற்கே போகிறது. அதுவும் சக்கரத்தின் மேல் வைத்த வீடுதான். ஆனால் அவர்கள் ஊர் திரும்பவில்லை. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு துரத்திய பிறகு போகிறார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு அவர்களை எழுதியவரே குளிர்பெட்டியும் கணப்பும் வைத்த வண்டியில், வழியெல்லாம் விஸ்கி ஊற்றி உபசரித்துக்கொண்டு, அதே மேற்கைப் பார்க்கப் போகிறார். இந்த இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்காமல் சார்லிப் புத்தகத்தைப் படித்தால் அது வெறும் உல்லாசப் பயணக் கதையாகத் தோன்றும்.

1960 செப்டம்பர் 23ஆம் தேதி புறப்பட்டார். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் டோனா புயல் அடித்து ஓய்ந்திருந்தது. வழியை நான் விவரிக்கப் போவதில்லை. மெய்ன் மாநிலத்து உருளைக்கிழங்கு வயல்கள், நயாகரா, சிகாகோ, வடக்கு டகோட்டா, அவர் காதல் கொண்ட மான்டானா, சியாட்டில், பிறகு கரையோரமாகத் தெற்கே. போகிற இடமெல்லாம் அவர் ஒன்றைக் கவனிக்கிறார். வண்டியைப் பார்க்கிறவர்கள் கண்ணில் ஒரு ஏக்கம். எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். அவர் சொன்னதும், நானும் வரட்டுமா என்று கேட்காத குறையாக நிற்பார்கள். எங்கே என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. இங்கிருந்து போனால் போதும்.

வழியில் ஒரு இரவுச் சாப்பாடு. நகரும் வீட்டில், அதாவது இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிற வகை வீட்டில் வாழும் ஒரு மெக்கானிக் குடும்பம். ஸ்டைன்பெக் அவரிடம் ஒரு பழைய கேள்வியைப் போடுகிறார்: இப்படி இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு வேர் என்று ஒன்று வேண்டாமா? அந்த மனிதரின் அப்பா இத்தாலியில் டஸ்கனியிலிருந்து வந்தவர். அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரே வீடு, தண்ணீர்க் குழாய் கிடையாது, கக்கூஸ் கிடையாது. வேண்டிய அளவு வேர். அதை அறுத்துக்கொண்டுதான் அப்பா கப்பல் ஏறினார். பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறவனுக்கு என்ன வேர் என்று அந்த மெக்கானிக் திருப்பிக் கேட்கிறார். ஸ்டைன்பெக்கிடம் பதில் இல்லை. நம்மிடம் மட்டும் இருக்கிறதா? பூர்வீகம் பூர்வீகம் என்று பேசுகிற நாம், அந்தப் பூர்வீக வீட்டில் கழிப்பறை கட்டிய பிறகுதான் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம்.

இனி கலிஃபோர்னியா. இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

சாலினாஸ் பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக நூறு மைல் நீளம். கிழக்கே கேபிலான் மலைத்தொடர். கவிலான் என்றால் ஸ்பானிய மொழியில் வல்லூறு. மேற்கே சாண்டா லூசியா மலைகள். நடுவில் சாலினாஸ் ஆறு. அது வடக்கு நோக்கி ஓடி மாண்டெரே விரிகுடாவில் விழுகிறது. கோடையில் மேலே தண்ணீர் தெரியாது, மணலுக்கு அடியில் ஓடும். வைகையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் கிழக்கு மலைகள் தன்னைக் கூப்பிட்டன, மேற்கு மலைகள் தன்னைப் பயமுறுத்தின என்று அவர் 1952இல் வந்த ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலின் தொடக்கத்தில் சொல்லியிருப்பார். அம்மாவைப் பெற்ற தாத்தா சாமுவேல் ஹாமில்டன் அயர்லாந்திலிருந்து வந்து, பள்ளத்தாக்கின் தெற்கே கிங் சிட்டிப் பக்கம், தண்ணீர் இல்லாத காட்டைப் பிடித்துப் பண்ணை போட்டார். பிள்ளைகள் வளர்ந்தன, பயிர் வளரவில்லை. அந்தப் பண்ணையும் அதே நாவலில் வருகிறது. இந்த ஒரு பள்ளத்தாக்கை வைத்து அவர் எழுதியவற்றை அடுக்கினால் ஒரு அலமாரித் தட்டு நிறையும். நம் கி.ரா.வுக்குக் கரிசல் எப்படியோ அப்படி.

அப்படிப்பட்டவர் ஊர் வந்ததும் என்ன செய்தார்? அக்கா தங்கைகளோடு சண்டை போட்டார்.

1960 நவம்பர், கென்னடிக்கும் நிக்சனுக்கும் தேர்தல். சகோதரிகள் குடியரசுக் கட்சி, இவர் ஜனநாயகக் கட்சி. பசிபிக் குரோவில் குடும்பத்துக்கு ஒரு சிறு வீடு உண்டு. அப்பா கோடைக்காகக் கட்டியது. 1930களில் கையில் காசில்லாமல் முதல் மனைவியோடு ஸ்டைன்பெக் எழுதிக் கிடந்த வீடு. அங்கே உட்கார்ந்துகொண்டு ஐம்பது வயது தாண்டிய உடன்பிறப்புகள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார். தேசம் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்த மனிதர், வீட்டுக்கு வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார். ரோசினாண்டே வாசலில் நின்றது. தன் மண்ணுக்கு வந்தபோது அதில் படுக்க வேண்டிய தேவை இல்லை, படுத்திருக்கவும் முடியாது. கூடப்பிறந்தவர்கள் இருக்கும் ஊரில் வண்டியில் படுத்தால் என்ன பேச்சு வரும் என்பது எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

பிறகு மாண்டெரேயில் ஒரு மதுக்கடை. கடைக்காரர் ஜானி பழைய நண்பர். அந்தப் பக்கத்து ஸ்பானிய மொழியில் இவரை அவர் அழைக்கிற சொல் ‘குன்யாதோ’. அகராதியில் தேடினேன்: மச்சான். ஒரு ரத்த உறவும் கிடையாது, சும்மா வாய் நிறைய மச்சான். ‘மச்சான், திரும்பி வந்துவிடு, இது உன் ஊர், உன் இடம் காலியாகத்தான் கிடக்கிறது’ என்பது ஜானியின் கெஞ்சல். ஸ்டைன்பெக் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே போகிறார். அவன் எங்கே, இவன் எங்கே, தொப்பிக்குள் சிலந்தி வளர்த்தாளே அந்தப் பெண் எங்கே? எல்லாவற்றுக்கும் ஒரே பதில். செத்துப்போனார்கள். அந்தப் பட்டியலில் எட் ரிக்கெட்ஸும் உண்டு. கடல் உயிரியல் ஆராய்ச்சியாளர், ஸ்டைன்பெக்கின் உயிர் நண்பர், ‘கேனரி ரோ’ நாவலின் டாக். 1948 மே மாதத்தில் அவருடைய காரில் ரயில் மோதி இறந்துபோனார்.

அந்தத் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. அதன் பெயர் அப்போது ஓஷன் வியூ அவென்யூ. மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வரிசையாக இருந்ததால் பேச்சில் கேனரி ரோ, அதாவது டப்பா ஆலைத் தெரு, என்றார்கள். 1945இல் நாவல் வந்தது. சில வருடங்களிலேயே கடலில் மத்தி இல்லாமல் போயிற்று. அள்ளிய அள்ளும் அதிகம், கடலின் போக்கும் மாறியது. ஆலைகள் மூடின. நாற்றம் போயிற்று, நாற்றத்தோடு வேலையும் போயிற்று. பிறகு நாவலைப் படித்துவிட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்க வரத் தொடங்கினார்கள். 1958இல் நகராட்சி தெருவின் பெயரையே கேனரி ரோ என்று மாற்றிவிட்டது. இரண்டு வருடம் கழித்துத்தான் ஸ்டைன்பெக் வண்டியோடு வந்து இறங்குகிறார். ஊர் மாறிவிட்டதே என்று நாமெல்லாம் அங்கலாய்க்கலாம். தன் புத்தகத்தின் தலைப்பே தெருப் பலகையாக நிற்கிற இடத்தில் ஒரு மனிதன் எந்த முகத்தோடு அங்கலாய்ப்பது?

இது அவருக்கு முதல் முறையும் அல்ல. 1944இல், பணமும் புகழும் வந்த பிறகு, மாண்டெரேயில் ஒரு பழைய மண் வீட்டை ஆசையாக வாங்கிக் குடியேறினார். ஊர் ஒட்டவில்லை, அடுத்த வருடமே கிளம்பினார். 1948இல் ரிக்கெட்ஸும் போய், இரண்டாவது கல்யாணமும் முறிந்த நிலையில் மறுபடி பசிபிக் குரோவின் அந்தச் சிறு வீட்டுக்கு வந்தார். மறு வருடம், பின்னால் மூன்றாவது மனைவியான எலைனைச் சந்தித்தார். அவரோடு நியூயார்க் போனார். ஆக ரோசினாண்டேயில் வந்தது மூன்றாம் முயற்சி. இந்த முறை தங்கும் எண்ணமே இல்லை என்பதற்கு வாசலில் நின்ற வண்டி சாட்சி.

மதுக்கடையிலிருந்து வெளியே வந்து அவர் எழுதுவதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். ஊரைவிட்டுப் போனவன் ஊருக்குச் செத்தவன். செத்தவன் மாறமாட்டான். அவர்கள் நினைவில் அவன் ஒரு உருவமாக உறைந்துவிட்டான். அவன் திடீரென்று நரைத்த தாடியோடு வந்து நின்றால் அந்த உருவம் குலைகிறது. நண்பர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் இவன் போய்விட்டால் தேவலை, பழையபடி நினைத்துக்கொள்ளலாம் என்று இருக்கும். அவனுக்கும் அப்படியேதான் இருக்கும். தாமஸ் உல்ஃப் என்ற நாவலாசிரியர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1940இல் வெளியான ஒரு நாவலின் தலைப்பு, ‘திரும்பவும் வீட்டுக்குப் போக முடியாது’ என்பது. அவர் சொன்னது சரி என்று ஸ்டைன்பெக் ஒத்துக்கொள்கிறார்.

இதை நான் முதல் தடவை படித்தபோது தலையாட்டினேன். இப்போது ஆட்டுவதில்லை. அதற்குக் காரணம் ஒரு எண்.

சாலினாஸைப் பற்றி அவர் எழுதுகிறார்: தன் சிறுவயதில் ஊரின் ஜனத்தொகை 4,000, இப்போது 80,000, மூன்று வருடத்தில் லட்சம், பத்து வருடத்தில் ஒருவேளை இரண்டு லட்சம். படிக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். 1910 கணக்கெடுப்பில் சாலினாஸில் 3,736 பேர். நாலாயிரம் என்றது ஏறக்குறையச் சரி. ஆனால் அவர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த அதே 1960இல் எடுத்த கணக்கெடுப்பில் சாலினாஸ் நகரத்தில் 29,000 பேர்கூட இல்லை. பக்கத்தில் அலிசால் என்ற குடியிருப்பு இருந்தது. ஜோட் குடும்பத்தைப் போல வந்தவர்கள் குடிசை போட்டு வளர்ந்த இடம். பின்னால் 1963இல் அது நகரத்தோடு சேர்க்கப்பட்டது. அதையும் கூட்டினாலும் ஐம்பதாயிரத்தைத் தொடாது. அவர் சொன்ன எண்பதாயிரத்தைச் சாலினாஸ் எட்டியது 1980இல். அப்போது அவர் இறந்து பன்னிரண்டு வருடம். இரண்டு லட்சத்தை 2020 கணக்கெடுப்பிலும் எட்டவில்லை, 1,63,000 சொச்சம்தான்.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய எண் சரியாக இருக்கிறது. கண்ணெதிரே இருக்கிற எண் இரண்டரை மடங்குக்கு மேல் வீங்கிவிட்டது. யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. கண்ணால் எண்ணினார். சொந்த ஊரில் முகம் தெரியாத ஒவ்வொரு ஆளும் இரண்டு ஆளாகத் தெரிவான் என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி, நமக்குத் தெரிந்த ஒரே ஒரு முகமும் இல்லாமல் ஐந்து நிமிடம் நின்றால் நாமும் எண்பதாயிரம் என்றுதான் எண்ணுவோம். அவர் தாத்தா அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது அங்கே முன்பே இருந்தவர்கள் ஒரு அயர்லாந்துக் குடும்பத்தை எத்தனை பேராக எண்ணினார்களோ!

இன்னொரு தப்புக் கணக்கு, இதைவிட அழகானது. ஊரைவிட்டுப் போகும் முன்பு அவர் சார்லியைக் கூட்டிக்கொண்டு ஃப்ரீமான்ட் சிகரத்துக்குப் போகிறார். கேபிலான் மலையில் 3,000 அடிக்குச் சற்று மேலே, பாறைக் குவியலாக ஒரு முகடு. அங்கிருந்து பார்த்தால் மொத்தப் பள்ளத்தாக்கும் தெரியும், விரிகுடாவும் தெரியும். சிறுவனாக இருந்தபோது செத்தால் இங்கேதான் புதைக்க வேண்டும் என்று நினைத்த இடம். இங்கேதான் ஃப்ரீமான்ட் மெக்சிகோ படையை எதிர்த்து நின்று தோற்கடித்தார், நாங்கள் சிறுவயதில் பீரங்கிக் குண்டும் துருப்பிடித்த துப்பாக்கிக் கத்தியும் பொறுக்கியிருக்கிறோம் என்று எழுதுகிறார்.

வரலாறு என்ன சொல்கிறது? 1846 மார்ச்சில் அமெரிக்கப் படை அதிகாரி ஜான் ஃப்ரீமான்ட் ஆட்களோடு அந்த மலையில் ஏறி, மரங்களை அடுக்கி ஒரு அவசரக் கோட்டை கட்டி, அமெரிக்கக் கொடியை ஏற்றினார். கீழே மெக்சிகோ ஜெனரல் ஹோசே காஸ்ட்ரோ படை திரட்டினார். சில நாள் இரு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். கொடிக்கம்பம் தானாகச் சாய்ந்து விழுந்தது. ஃப்ரீமான்ட் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக மலையிறங்கிப் போய்விட்டார். சண்டையே நடக்கவில்லை. அப்படியானால் பையன்கள் பொறுக்கியது எந்தப் பீரங்கியின் குண்டு? தெரியாது. உருண்டையாக ஒரு கருங்கல் கிடைத்தால் பத்து வயதில் அது குண்டுதான். உலகம் முழுக்கச் சுற்றிய, போர்முனையில் செய்தியாளராக இருந்த, நாடறிந்த எழுத்தாளர் 58 வயதில் அந்த மலைமேல் நின்று அந்தக் குண்டைத் திருத்திக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் திரும்ப முடியாது என்று நாலு பக்கம் முன்னால் எழுதியவர், முகட்டில் ஏறியதும் பத்து வயதுக்குப் போய் நிற்கிறார்.

அங்கே நின்று நாயிடம் பேசுகிறார். அதோ அந்தப் பள்ளத்தில் உன் பெயர் கொண்ட சார்லி மாமாவோடு மீன் பிடித்தேன், அதோ அங்கே என் அம்மா காட்டுப்பூனையைச் சுட்டாள், நேர் கீழே நாற்பது மைலில் எங்கள் பஞ்சப் பண்ணை. அந்த மலைமடிப்பில் ஒரு கருவாலி மரத்தில் அப்பா பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தன் பெயரையும் தான் விரும்பிய பெண்ணின் பெயரையும் சுட்டு வைத்தார். பட்டை வளர்ந்து மூடிவிட்டது. பல காலம் கழித்து யாரோ அந்த மரத்தை விறகுக்காக வெட்டினார்கள். ஆப்பு வைத்துப் பிளந்தபோது உள்ளேயிருந்து பெயர் வெளிப்பட்டது. வெட்டியவர் அந்தத் துண்டை இவருக்கு அனுப்பி வைத்தார். இதைச் சொல்லும்போது நாய் என்ன செய்தது என்பது முக்கியமில்லை. மனிதர்களிடம் சொல்ல முடியாததால்தான் நாயிடம் சொல்கிறார். சகோதரிகளிடம் சொல்லியிருந்தால், ‘காட்டுப்பூனையைச் சுட்டது அங்கே இல்லை, இந்தப் பக்கம்’ என்று திருத்தியிருப்பார்கள்.

இங்கே ஒரு இடையூறு வருகிறது. பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010இல் ஸ்டைன்பெக் போன வழியிலேயே காரில் போய், கடிதங்கள், கையெழுத்துப் பிரதி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, புத்தகத்தில் பாதி கற்பனை என்று எழுதினார். வண்டியில் தனியாகப் படுத்த இரவுகள் குறைவு. விடுதிகளிலும் நண்பர்கள் வீடுகளிலும் மனைவியோடும் கழித்த இரவுகளே அதிகம். மேற்குக் கரை நெடுக எலைன் கூடவே வந்திருக்கிறார். நியூயார்க் மார்கன் நூலகத்தில் உள்ள கையெழுத்துப் பிரதியில் அவர் இருக்கிறார், அச்சில் இல்லை. 2012இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், இதை அப்படியே நடந்ததாகக் கொள்ள வேண்டாம் என்று ஜே பரினி எச்சரித்திருக்கிறார்.

எனக்கு எலைனை நீக்கியது பிடிக்கவில்லை. கூட வந்த பெண்டாட்டியை அழித்துவிட்டு நாயை மட்டும் வைத்துக்கொள்வது எந்த இலக்கிய நியாயத்திலும் சேராது. நாய்க்கு ராயல்டியில் பங்கு கிடையாது என்பதுதான் ஒரே வசதி. ஆனால் பொய் வேறு, தப்புக் கணக்கு வேறு. எலைனை விட்டது தெரிந்து செய்த வேலை. எண்பதாயிரமும் ஃப்ரீமான்ட்டின் வெற்றியும் தெரியாமல் வந்தவை. புத்தகத்தில் ஊர் திரும்பியவனின் நெஞ்சு எங்கே துடிக்கிறது என்று கேட்டால், உல்ஃபின் தலைப்பைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிற இடத்தில் அல்ல, இந்த இரண்டு தப்புக் கணக்குகளில்தான் என்பேன்.

என் கதை ஒன்று, ஒரு நிமிடம். கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். நாலைந்து வருடத்துக்கு முன்னால் மகனுடைய காரில் போனேன். வழிக்கு இட்லி, பிளாஸ்க்கில் காப்பி, பெட்டியோடு தண்ணீர் பாட்டில், எல்லாம் எடுத்துக்கொண்டோம். பெரியம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் யோசிக்காமல் கையிலிருந்த பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டேன். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பெரியம்மா கேட்டார்: “ஏய்யா, எங்க வீட்டுத் தண்ணி எறங்காதோ?” நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். காரைப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் கொண்டாந்துட்ட, பொறவு எதுக்கு வந்த?” என்றார். சிரித்துக்கொண்டேதான்.

ரோசினாண்டேயின் குளிர்பெட்டியையும் நாலு பர்னர் அடுப்பையும் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் செம்புதான் நினைவுக்கு வருகிறது. அந்நிய ஊரில் அந்த வண்டி பெரிய சௌகரியம். யாருக்கும் பாரமில்லை, யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கலாம், விஸ்கி ஊற்றலாம். பயணத்தில் பெரும்பாலும் ஸ்டைன்பெக் உபசரிக்கிறவராகவே இருக்கிறார். சாலினாஸ் ஒன்றுதான் அவர் உபசரிப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய இடம். அங்கே அவருக்குக் கால் தரிக்கவில்லை. பெற்ற ஊரை மலை உச்சியிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே இறங்கி நிற்காமல், மொஹாவே பாலைவனத்தை நோக்கி வண்டியைத் திருப்புகிறார். அதற்குப் பிறகு டெக்ஸாஸ். பிறகு நியூ ஆர்லியன்ஸில் ஒரு கறுப்பினக் குழந்தை பள்ளிக்கூடம் போவதை எதிர்த்து வெள்ளைக்காரப் பெண்கள் நின்று கத்திய காட்சி. அது புத்தகத்தின் மிகக் கனமான பகுதி, தனியாக ஒரு கூட்டம் வைத்துப் பேச வேண்டியது.

ஸ்டைன்பெக் 1968 டிசம்பர் 20ஆம் தேதி நியூயார்க்கில் இறந்தார். எலைன் அவருடைய சாம்பலைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். இந்தப் பயணத்தில் எலைனை யாரும் அழிக்க முடியவில்லை. முதலில் கடலோரத்தில் பாயின்ட் லோபோஸ் என்ற இடத்தில் குடும்பம் கூடிச் சின்னதாகப் பிரார்த்தனை. பிறகு சாலினாஸில் ‘கார்டன் ஆஃப் மெமரீஸ்’ இடுகாட்டில், தாத்தா வீட்டாரான ஹாமில்டன்களின் இடத்தில் சாம்பலைப் புதைத்தார்கள். பள்ளத்தாக்கின் தரையிலேதான், சிகரத்தில் அல்ல.

ரோசினாண்டேயும் வந்து சேர்ந்துவிட்டது. பல வருடம் வேறு கையில் இருந்து, இப்போது சாலினாஸ் மெயின் ஸ்ட்ரீட்டில் 1998இல் திறந்த தேசிய ஸ்டைன்பெக் மையத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் அந்த ஸ்பானிய எழுத்து இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சென்ட்ரல் அவென்யூ 132ஆம் எண் வீடு. 1902 பிப்ரவரி 27ஆம் தேதி அவர் பிறந்த வீடு. 1974 முதல் அது சாப்பாட்டுக் கடை. உள்ளூர்த் தொண்டர்கள் நடத்துகிறார்கள். மதியச் சாப்பாடு போடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போவது நல்லது.